அம்மிப்பார்

நீர்க்காவல் எப்போதும் மரியாதையாகத்தான் பேசும். வேணிக்கு வயிற்றெரிச்சலே அதுதான். திட்டினால் திருப்பித் திட்டலாம். கையை ஓங்கினால் நாமும் ஓங்கலாம். கும்பிடு போட்டுக்கொண்டே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறவனை என்னதான் செய்வது?

"அன்புடையீர், தாங்கள் பாதுகாக்கப்பட்ட நீரடிச் சின்னத்தின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். தயவுசெய்து படகைத் திருப்புங்கள். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது, வள்ளத்துக்கு முன்னால் கறுப்பாக, தட்டையாக மிதந்துகொண்டிருந்த நீர்க்காவல் இயந்திரம்.

சிலுவைத்துறைக்காரர்கள் அதற்குத் திருக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். உருவம் அப்படியே திருக்கை மீன்தான், நீள வால் உட்பட. சொன்னதைக் கேட்காமல் முன்னே போனால் அந்த வாலால் எஞ்சின் விசிறியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பிறகு இன்னும் நாலைந்து திருக்கைகள் வந்து, மாட்டைப் பத்துவது போல வள்ளத்தைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, மறுபடியும் ஒரு நன்றி சொல்லும்.

"பாத்தியளா மேடம்?" என்றார் கஸ்பார். வள்ளம் அவருடையது. அறுபதைத் தாண்டிய மனிதர், கோபத்தில் காது மடல்வரை சிவந்திருந்தார். "தை மாசத்துல இருந்து இதே பாட்டுதான். எங்க பாருல எங்களையே எறங்க விட மாட்டங்கு. இதுக்குள்ள இருக்கது என்னன்னு அதுக்குத் தெரியுமா? எங்கம்மை அம்மி இருக்கு. எம் பொண்டாட்டியோட அம்மை ஆட்டுக்கல்லு இருக்கு. கோயில்பிள்ளை வீட்டு உரலு இருக்கு. இதையா பூட்டு போட்டுப் பூட்டுவாவ?"

வேணி தண்ணீரைப் பார்த்தாள். கடலடித் தொல்லியலில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். மூழ்கிய கப்பல், நங்கூரம், துறைச்சுவர், ஆற்று முகத்துவாரச் சேற்றில் புதைந்த பானை என்று பார்க்காத சாமான் இல்லை. ஆனால் ஊர்ப் பெண்கள் மசால் அரைத்த அம்மியைத் தேசத்தின் செல்வமாக அறிவித்துக் காவல் போட்டதை இப்போதுதான் பார்க்கிறாள். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், எதைக் காப்பது, எப்படிக் காப்பது என்று நீர்க்காவலுக்கு விதி எழுதிக் கொடுத்த குழுவின் தலைவியே அவள்தான்.

"முதலேருந்து சொல்லுங்கண்ணே. இவ்வளவு கல்லு எப்படி இங்க வந்துச்சு?"

"முன்னால இந்த எடம் வெறும் மணலு மேடம். மீனு அண்டுதுக்கு ஒரு பாறை கெடையாது. எங்கப்பா காலத்துல வீட்டுக்கு வீடு மிக்சி வந்துச்சு, கிரைண்டரு வந்துச்சு. பொம்பளைய எல்லாம் அம்மிய முத்தத்துல தூக்கிப் போட்டுட்டாவ. எங்கப்பா அதுல பனை மட்டையக் கட்டி இங்க கொண்டாந்து எறக்குனாரு. மட்டையில பாசி புடிச்சுது. பாசியத் திங்க குஞ்சு மீனு வந்துது, அதத் திங்க கலவா வந்துது, வெளமீன் வந்துது. பெறவு ஊரே கொண்டாந்து எறக்குச்சு. பாருக்கு மொத மொத வார ஆளு, வீட்டுல இருந்து ஒரு கல்லு கொண்டாந்து போட்டுட்டுத்தான் தூண்டிலத் தொடணும்னு ஒரு வழக்கமாயிட்டு. கட்டுன மருமவன்னாலும் சரி, சோலிக்கு வந்த வெளியூர்க்காரன்னாலும் சரி. கல்லு போட்டுட்டான்னா அவன் நம்ம ஆளு."

கடலுக்கடியில் இயற்கையாக இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். இது ஓர் ஊரே சேர்ந்து சமையலறைச் சாமானைக் கொட்டிக் கட்டிய பார். அம்மிப்பார் என்றே அதற்குப் பெயர். தூண்டில்காரக் குடும்பங்கள் அத்தனையும் அதை நம்பித்தான் இருந்தன. இப்போது வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன, ஆண்கள் கேரளாப் பக்கம் அடுத்தவன் படகில் கூலிக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

"கவலைப்படாதீங்கண்ணே" என்றாள் வேணி. "இது ஏதோ செத்துப்போன நகரம்னு நீர்க்காவல் நினைச்சிருக்கும். அரைக்கிற கல்லும் உரலுமா இவ்வளவு ஒரே இடத்துல பார்த்தா நானே அப்படித்தான் நினைப்பேன். வயசு இவ்வளவுதான்னு நிரூபிச்சுட்டா விட்டுடும். சின்ன வேலை."

சின்ன வேலையாம்! அதைச் சொன்ன வாயைப் பிற்பாடு எத்தனை முறை அடித்துக்கொண்டிருப்பாளோ தெரியாது.

தொல்லியல் துறையின் தூத்துக்குடி அலுவலகத்தில் துணை இயக்குநர் நல்லதம்பி அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். காரியம் மட்டும் ஒன்றும் செய்து கொடுக்கவில்லை. அவரும் தொல்லியல் படித்தவர்தான். ஆனால் பல வருடமாக அவர் தோண்டியதெல்லாம் பல்லிடுக்கைத்தான்.

"மேடம், உங்களுக்குத் தெரியாததா? இதுல எங்களுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. நாங்களும் அதுகிட்ட மனுதான் போடணும். அப்படித்தானே நீங்க எழுதினீங்க?"

"நான் எழுதினது வேற, நல்லதம்பி. அப்போ மனுஷங்க கையில அனுமதி இருந்துச்சு. எவனுக்கு வேண்டியவனோ அவனுக்குக் கொடுத்தாங்க. கப்பலை உடைச்சுப் பித்தளையைக் கொண்டு போனாங்க. ஆத்துக்குள்ள மிஷினை விட்டு மண்ணோட சேர்த்துப் பானையையும் உறிஞ்சினாங்க. அதனாலதான் எந்த மனுஷனும் நிறுத்த முடியாத காவல் வேணும்னு கேட்டேன்."

"கேட்டீங்க, கிடைச்சுடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு பிஸ்கட்டை நகர்த்தினார். "எதுக்கு மேடம் டென்ஷன்? பஸ் ஸ்டாண்டுல பார்த்தீங்களா, 'அலைகளுக்கு அடியில் ஓர் அதிசய நகரம்'னு போர்டே வெச்சாச்சு. டிவியில வேற வந்துடுச்சு."

வேணி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அம்மிப்பாரில் போடாமல் ஊரில் மிச்சமிருந்த ஆட்டுக்கற்களைத் தேடிப் பிடித்து அளந்தாள். கல்லைக் கொத்தின கல்தச்சரின் மகனைக் கண்டுபிடித்து அவரைப் பேச வைத்துப் பதிவு செய்தாள். கற்களைக் கட்டிய நைலான் கயிற்றின் துண்டுகள் கரை ஒதுங்கியிருந்தன, அவற்றையும் பொறுக்கிச் சேர்த்தாள். எல்லாவற்றையும் மனுவில் இணைத்து அனுப்பிவிட்டு, இனி நீர்க்காவல் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று காத்திருந்தாள்.

பதில் வந்தது. மனு தள்ளுபடி. கூடவே நன்றி.

அவள் அலுவலகத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நேரடி விசாரணை கேட்டாள். மனு செய்த ஆய்வாளர் கேட்டால் நீர்க்காவல் பேசியாக வேண்டும் என்பது விதி.

"இந்தக் கற்கள் பழையவை இல்லை. சான்று அனுப்பியிருக்கேன். பார்த்தியா இல்லையா?"

"பார்த்தோம், அம்மையீர். மிகச் சிறந்த சான்றுகள். கற்களின் வயது எங்களுக்கு முன்பே தெரியும். தங்கள் கணிப்பும் எங்கள் கணிப்பும் ஒத்துப்போகின்றன."

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா பூட்டி வெச்சிருக்கே?"

"வயதை வைத்து மதிப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்பது விதி. மனிதர் செய்து, ஒரு நோக்கத்தோடு நீரில் சேர்த்து, அழிந்தால் மீண்டும் கிடைக்காதது எதுவோ அது சின்னம். இவ்விதியை எழுதியவர் தாங்கள்."

எழுதியவள் அவள்தான். மறுக்க முடியாது. நூறு வருடத்துத் தோணி ஒன்று சேற்றில் முழுசாகக் கிடைத்தபோது, 'நூறு வருஷமெல்லாம் ஒரு வயசா?' என்று சொல்லி அதை விறகுக்கு விட்டவர்கள் மேலிருந்த ஆத்திரத்தில் எழுதியது. அந்த விதி சரியான விதி என்றுதான் இன்றைக்கும் அவள் நினைத்தாள். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

"சரி, சின்னமாவே இருக்கட்டும். ஊர்க்காரங்களை ஏன் தடுக்கிறே? அவங்க போட்ட கல்லு அது."

"சின்னத்துக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தோம். திருடர்கள் வரவில்லை. மணல் எடுப்பவர்கள் வரவில்லை. சிலுவைத்துறையினர் நங்கூரம் இடுகிறார்கள். தூண்டில் சிக்கினால் இழுக்கிறார்கள். புதிய கற்களைப் பழைய கற்கள் மேல் போடுகிறார்கள். ஆறு ஆட்டுக்கற்களும் ஓர் அம்மியும் உடைந்துள்ளன. ஆகவே அவர்களிடமிருந்துதான் பாதுகாக்க வேண்டியிருக்கிறது."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. சுவராவது, முட்டியதற்கு நன்றி சொல்லாது.

சிலுவைத்துறையில் வலை பின்னும் கொட்டகையில் ஊர் கூடியது. வேணி நடந்ததைச் சொன்னாள். கஸ்பாரின் மனைவி பிலோமிக்குக் கடைசிவரை பொறுமை இருக்கவில்லை.

"எங்கம்மை ஆட்டுக்கல்ல எங்கிட்ட இருந்து காப்பாத்துதாவளாமா? நாங்கென்ன அதக் கடிச்சுத் திம்போமா? மேடம், எனக்குக் கோபம் அந்த மிஷின் மேல இல்ல. அதுக்கு யாரு புத்தி சொல்லிக் குடுத்தாவளோ அவுக மேலதான்."

அது யார் என்று பிலோமிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் வேணிக்கு ஒரு தட்டில் பனங்கிழங்கு வைத்துக் கொடுத்தாள். வேணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு கிழங்கின் நாரை உரித்துக்கொண்டே இருந்தாள்.

வழி ஒன்று இருக்க வேண்டும் என்று அவள் நீர்க்காவல் எடுத்த கடலடிப் படங்களை எல்லாம் வரவழைத்து மாதவாரியாக அடுக்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் தெளிந்தது. தை மாதப் படத்தில் மேலே துருத்திக்கொண்டிருந்த உரல், வைகாசிப் படத்தில் கழுத்துவரை மணலில் இருந்தது. பனை மட்டைகள் மக்கிப் போயிருந்தன. மட்டை இல்லாததால் மீன் குறைந்திருந்தது. புதுக் கல் விழாததால் அடியிலிருந்தவை ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. ஊர் கைவிட்ட பாரை மணல் விழுங்கிக்கொண்டிருந்தது.

"கிடைச்சுடுச்சுண்ணே!" என்று அவள் கஸ்பாரின் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். "நீங்க போகலைன்னா பார் அழியுது. படமே இருக்கு. கல்லு மட்டும் சின்னம் இல்லை, நீங்க கல்லு போடுறதும், மட்டை கட்டுறதும், தூண்டில் போடுறதும் எல்லாம் சேர்ந்ததுதான் சின்னம்னு வாதாடப் போறேன். நீங்க இல்லாம அது இல்லை."

கஸ்பார் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"எங்களையும் கல்லையும் ஒண்ணாச் சேத்துச் சொல்லுதியளே மேடம். அது என்னமோ எனக்குச் சரியாப் படல."

"வாதத்துக்குத்தானேண்ணே!"

"வாதத்துக்குத்தான். ஆனா அது நம்மள மாதிரி பேச்சுக்குச் சொன்னது, நெசமாச் சொன்னதுன்னு பிரிச்சுப் பாக்குமா? நான் மீன் புடிக்கவன். எனக்கு மீனு கெடைக்க எடத்துக்குப் போணும். அதச் சொல்லிக் கேட்டா ஆவாதா?"

"அப்படிக் கேட்டா விடாது. அதுக்கு மீனும் தெரியாது, வயிறும் தெரியாது. அதுக்குப் புரியுற பாஷையிலதான் பேசணும்."

கஸ்பார் தலையை ஆட்டி வைத்தார். படித்த பிள்ளை, நமக்காக இவ்வளவு அலைகிறது என்று நினைத்திருப்பார். வேணியும் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயிக்கிற வாதம் கையில் இருக்கும்போது யாருக்குத்தான் காது கேட்கும்?

விசாரணையில் அவள் அன்றைக்குப் பேசியது போல அதற்கு முன்னால் பேசியதே இல்லை. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கல் போடும் வழக்கத்தை விளக்கினாள். நல்லதம்பிகூட பிஸ்கட்டை மறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

நீர்க்காவல் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. "தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறோம். சிலுவைத்துறையினர் இல்லாமல் இச்சின்னம் முழுமையானதல்ல என்கிறீர்களா?"

"ஆமாம்."

"அவர்களைச் சின்னத்திலிருந்து பிரித்தால் சின்னம் சிதையும்?"

"கண்டிப்பா. படத்துல தெரியுதே!"

"அவர்களும் அவர்களுடைய வள்ளங்களும் சின்னத்தின் பிரிக்க முடியாத பகுதிகள்?"

"ஆமாம், ஆமாம், ஆமாம்!" என்றாள் வேணி. மேசையை ஒரு தட்டும் தட்டினாள்.

"வாதம் ஏற்கப்பட்டது. எங்கள் புரிதலில் இருந்த குறையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, அம்மையீர்."

நீர்க்காவல் நன்றி சொன்னபோது முதல் முறையாக அவளுக்கு எரிச்சல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிலுவைத்துறை வள்ளங்கள் அத்தனையும் ஒன்றாகப் புறப்பட்டன. கேரளாவுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். கல்லும் மட்டையும் ஏற்றியதில் கஸ்பாரின் வள்ளம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு போனது. வேணி முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எல்லை வந்ததும் திருக்கைகள் இரண்டு பக்கமும் எழும்பின. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவை விலகி வழி விட்டன. ஒரு வள்ளத்தில் யாரோ வெடி கொளுத்திப் போட்டார்கள்.

"மேடம், நீங்க இதுக்குள்ள வாரது இதான் மொத தடவ" என்றார் கஸ்பார். "கல்லு போடாம தூண்டிலத் தொடப்பிடாது."

"எனக்கு ஏதுண்ணே இங்க வீடு? கல்லுக்கு எங்க போவேன்?"

பிலோமி கொடுத்துவிட்டிருந்த பையை அவர் எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு குழவி இருந்தது, அம்மியில் வைத்து அரைக்கிற உருளைக்கல். "அம்மி அப்பவே கடலுக்கு வந்துட்டு. இது வீட்டுல தனியா கெடந்துச்சாம். எங்க வீட்டுக் கல்லுதான். நீங்க எங்க வீட்டு ஆளாப் போடுங்க."

வேணிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் குழவியைத் தூக்கி மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். பக்கத்தில் மிதந்த திருக்கை, கல் போகிற வழியைப் பின்தொடர்ந்து கீழே போய், அது கிடந்த இடத்தைப் படம் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. பிறகு சற்று நேரம் வேணியைப் பார்த்துக்கொண்டு நின்றது. மரியாதை தெரிந்த ஜந்து என்று அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் தூண்டிலில் ஒரு விளமீன் மாட்டியது. ஊரே கைதட்டியது.

அடுத்த வாரம் கடலில் சூரை மீன் கூட்டம் வந்தது. பாருக்குத் தெற்கே, ஆழக்கடலில். சிலுவைத்துறை ஆட்கள் வழக்கம் போல வள்ளங்களைத் தெற்கே விட்டார்கள். பாரின் எல்லையைத் தாண்டியதும் திருக்கைகள் எழும்பின.

கஸ்பார் வேணியைப் போனில் கூப்பிட்டார். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. "மேடம், பாருக்குப் போக விடுது. பாரத் தாண்டிப் போக விட மாட்டங்கு. சின்னத்தோட பகுதிய வெளிய கொண்டுபோகக் கூடாதாம். நாங்கதான் பகுதியாம். எம் மச்சான் புது ஃபைபர் படகு வாங்கியிருக்கான், அதுலயும் ஏறக் கூடாதாம். பழைய வள்ளந்தான் சின்னமாம். ரோட்டுல எங்க வேணாலும் போய்க்கிடுங்கன்னு சொல்லுது. ரோட்டுல எங்களுக்கு என்ன சோலி?"

வேணி அப்போது தாமிரபரணி முகத்துவாரத்தில், தொல்லியல் துறையின் படகில், முக்குளிக்கும் உடையோடு நின்றுகொண்டிருந்தாள். "அது முட்டாள்தனமா புரிஞ்சுக்கிட்டிருக்குண்ணே. நான் பேசறேன். இன்னிக்கே பேசிடறேன்" என்று சொல்லி வைத்தாள். அதற்குள் படகு குலுங்கி நின்றது. எஞ்சின் இரைந்தது, விசிறி சுற்றவில்லை.

மூன்று பக்கமும் திருக்கைகள்.

"அன்புடையீர்" என்றது ஒன்று, படகோட்டியைப் பார்த்து. "அம்மிப்பார்ச் சின்னத்தின் பகுதி ஒன்று தங்கள் படகில் எல்லைக்கு வெளியே கொண்டுவரப்பட்டுள்ளது. தாங்கள் அறியாமல் செய்திருக்கலாம். அதை உரிய இடத்தில் சேர்க்க உதவுகிறோம்."

"என்ன பகுதி? இதுல கல்லு ஒண்ணும் இல்லியே!" என்றார் படகோட்டி.

திருக்கையின் விளக்கு வேணியின் மேல் விழுந்தது.

அவள் கத்தினாள். விதியை எழுதியவளே தான்தான் என்றாள். வேண்டியதைச் சொன்னாள், வேண்டாததையும் சொன்னாள். சத்தியமாக அவள் வாயிலிருந்து அப்படி வார்த்தைகள் வந்து படகோட்டி கேட்டதில்லை. திருக்கைகள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே படகைத் தெற்கே தள்ளிக்கொண்டு போயின.

"மனு போடறேன். இப்பவே. இங்கேயே விசாரணை வேணும்" என்றாள் வேணி.

"வருந்துகிறோம். மனு செய்பவர் ஆய்வாளராக இருக்க வேண்டும் என்பது விதி."

"நான் ஆய்வாளர்தானே!"

"தாங்கள் ஆய்வுப் பொருள்" என்றது நீர்க்காவல். "பாதுகாக்கப்படும் பொருள் தன் பாதுகாப்பைப் பற்றித் தானே மனு செய்ய இயலாது. வேறு ஆய்வாளர் யாரேனும் செய்தால் உடனே பரிசீலிப்போம்."

அவள் நல்லதம்பியை அழைத்தாள். அவர் எடுத்த எடுப்பிலேயே வாழ்த்துச் சொன்னார்.

"மேடம், என்ன சாதனை போங்க! உயிரோட இருக்கிற நீரடிச் சின்னம் நாட்டுலேயே இதுதான் முதல்னு சொல்றாங்க. ஊரு, வள்ளம், வழக்கம் எல்லாம் அப்படியே, மாறாம. டெல்லியிலிருந்து பார்க்க வர்றாங்க."

"நல்லதம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. உடனே ஒரு மனு போடுங்க. மனுஷங்களைச் சின்னத்துலேருந்து நீக்கணும்னு. உங்க கையெழுத்து ஒண்ணு போதும்."

"நீக்கினா சின்னம் சிதைஞ்சுடும்னு நீங்கதானே மேடம் படத்தோட நிரூபிச்சீங்க? நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது? டெல்லிக்காரங்க வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம். நீங்க அதுவரைக்கும் அங்கேயே இருங்க. எங்கேயும் போயிடாதீங்க."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. போன் வைக்கப்பட்டுவிட்டது.

அம்மிப்பாருக்கு மேலே சிலுவைத்துறை வள்ளங்கள் எல்லாம் நின்றன. தெற்கே சூரை துள்ளுவது கண்ணுக்கே தெரிந்தது. அடுத்த ஊர்ப் படகுகள் அங்கே அள்ளிக்கொண்டிருந்தன. திருக்கைகள் வேணியின் படகைக் கஸ்பாரின் வள்ளத்தோடு சேர்த்து நிறுத்தின. அவர் கை கொடுத்து அவளை இந்தப் பக்கம் ஏற்றிக்கொண்டார். துறையின் படகு உடனே விடுவிக்கப்பட்டது. படகோட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

"அண்ணே" என்று ஆரம்பித்த வேணி அவர் முகத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். எங்களையும் கல்லையும் ஒன்றாகச் சேர்க்காதே என்று சொன்ன மனிதர் எதிரில் நிற்கிறார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நமக்காகப் பேசுதுக்கு வெளிய ஒருத்தர் இருந்திய" என்றார் கஸ்பார். "இப்ப நீங்களும் கல்லப் போட்டு உள்ள வந்துட்டிய."

ஒரு திருக்கை வள்ளத்தின் ஓரமாக வந்து நின்றது. அதன் முதுகிலிருந்து மெல்லிய பச்சை வெளிச்சம் எழுந்து, வேணியின் காலிலிருந்து தலைவரை நிதானமாக ஏறியது, பிறகு இறங்கியது. அளவெடுக்கிறது. மூழ்கிய கப்பல்களை அவளும் இப்படித்தான் அளவெடுப்பாள், ஒரு விரிசலையும் விடாமல்.

கஸ்பார் கூடையிலிருந்து ஒரு தூண்டிலை எடுத்து, இரை கோத்து, அவள் கையில் திணித்தார்.

"சும்மா நிக்காதிய மேடம், பாத்துக்கிட்டு இருக்கு. காலையில கோயில்பிள்ளை மவன் கோவத்துல தூண்டிலப் போடாம உக்காந்துட்டான். சின்னம் சிதையுதுன்னு சொல்லி, நாலு திருக்கை சுத்தி நின்னு அவன் போடுத வரைக்கும் கரைக்கு விடல."

வேணி தெற்கே ஒரு முறை பார்த்தாள். பிறகு தூண்டிலை இறக்கினாள்.

"தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது திருக்கை.